கடைசி கிராஸை ஓட்டுக்கு விடாதீர்கள்

கேள்வி: பெங்களூரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. பன்னிரண்டு தெரு, ஏறக்குறைய 640 வீடு. தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எல்லாம் கலந்த இடம். நான் பள்ளி ஆசிரியை. போன வருடத்திலிருந்து நலச்சங்கத்தின் செயலாளர். பகுதி வேலைகளுக்கு 40 லட்சம் வரை கிடைக்கும், எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தி இரண்டு மாதத்தில் பட்டியல் கொடுங்கள் என்று எம்எல்ஏ தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடம் முன்பு இதே போல ஒரு வாய்ப்பு வந்தபோது வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தோம். 90 பேர் போட்டார்கள், நுழைவு வளைவு ஜெயித்தது. கட்டியும் முடித்தாயிற்று. மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுகிற கடைசி கிராஸ்காரர்கள் (கடைசிக் குறுக்குத் தெருவில் இருப்பவர்கள்), "எங்களை யாரு கேட்டீங்க?" என்றார்கள். அன்றோடு சந்தாவை நிறுத்தினார்கள், கூட்டத்துக்கும் வருவதில்லை. இந்த முறை எல்லாரையும் கேட்க வேண்டும் என்கிறேன் நான். "கேட்டா சண்டைதாம்மா வரும், நாம அஞ்சு பேரு உக்காந்து முடிவு பண்ணிடலாம்" என்கிறார் தலைவர். எப்படிக் கேட்பது?

பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்: (ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பொறியாளர்)

அன்புள்ள சகோதரிக்கு,

தலைவரின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கேட்டால் சண்டை வரும்தான். ஆனால் உங்கள் பகுதியில் சண்டை மூன்று வருடமாக நடந்துகொண்டுதானே இருக்கிறது? ஒரு தெரு முழுக்கச் சந்தாவை நிறுத்திவிட்டு வாய் திறக்காமல் இருப்பதற்கு வேறு என்ன பெயர்? சத்தம் வராததால் உங்கள் கமிட்டிக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். கேட்டதால் சண்டை மூண்டு நான் பார்த்தது குறைவு. கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து பதில் சொல்லாததால் மூண்டதைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கடைசி கிராஸின் சாக்கடையை ஓட்டுக்கு விடாதீர்கள். 640 வீட்டில் அந்தத் தெருவில் எத்தனை வீடு இருக்கும்? நாற்பதா, ஐம்பதா? நீங்கள் எவ்வளவு நேர்மையாக, வீடு வீடாகப் போய் ஓட்டு வாங்கினாலும் ஐம்பது வீடு ஒவ்வொரு முறையும் தோற்கும். போன முறை வாட்ஸ்அப்பில் தோற்றார்கள், இந்த முறை பெட்டியில் தோற்பார்கள். பக்கத்து வீட்டுக் கழிவுநீர் கூடத்தில் நிற்கக் கூடாது என்பது ஆசையோ கோரிக்கையோ அல்ல. நடைபாதை வேண்டுமா, பூங்கா பெஞ்ச் வேண்டுமா என்பதோடு அதை ஒரே வரிசையில் நிறுத்துவதே அந்த மக்களுக்குச் செய்கிற அவமானம். உடம்பையும் உயிரையும் தொடுகிற வேலைகளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். மீதிப் பணத்துக்குத்தான் ஓட்டு.

இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989இல் மக்களைக் கேட்டு பட்ஜெட் போடத் தொடங்கினார்கள், வெறும் கைதூக்கலோடு விடவில்லை. ஒரு பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதோடு, அங்கே அடிப்படை வசதி எவ்வளவு குறைவு என்பதற்கும் தனி மதிப்பெண் போட்டார்கள். நம் பக்கம் புனே மாநகராட்சி 2006 முதல் பட்ஜெட்டுக்கு முன்பு மக்களிடம் வேலைகளை எழுதி வாங்குகிறது. ஆக, தலைவர் நினைப்பது போல இது யாரும் செய்யாத காரியம் இல்லை.

இனி அந்தச் சாக்கடை. என் தொழில் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெங்களூரில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் வேறு வேறு வழி. வீட்டுக் கழிவுநீர் பூமிக்கடியில் குழாயில் போகும், அது ஜலமண்டலியின் (பெங்களூர் குடிநீர், கழிவுநீர் வாரியத்தின்) பொறுப்பு. மழைநீர் சாலையோரக் கால்வாய் வழியாக ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய்க்குப் போகும், அது மாநகராட்சியின் பொறுப்பு. காகிதத்தில் அப்படி. பழைய குடியிருப்புகளில் வீடு கட்டும்போது மொட்டைமாடி மழைக்குழாயை அப்படியே கழிவறைத் தொட்டியில் சேர்த்துவிடுவார்கள். தெருக் கால்வாய் வரைக்கும் பைப் இழுப்பதைவிட அது மலிவு. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. 30க்கு 40 அடி சைட் (மனை) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாடி முழுக்க, ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஐயாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். நூறு வீடு இப்படிச் சேர்த்திருந்தால் ஐந்து லட்சம் லிட்டர். கழிவுநீர்க் குழாய் அந்த அளவுக்குப் போட்டதல்ல. மேற்கொண்டு போக வழி இல்லாத தண்ணீர் எங்கே வெளியே வரும்? எந்த வீடு எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில் இருக்கிறதோ, அந்த வீட்டுக் குளியலறை ஓட்டையில் வரும்.

நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரிந்திருக்கும். கடைசி கிராஸ் வீடுகளில் நிற்பது மேல் தெருக்காரர்களின் மாடித் தண்ணீராக இருக்கலாம். அப்படி இருந்தால் 40 லட்சத்தில் அங்கே எவ்வளவு கான்கிரீட் போட்டாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். மேல் தெரு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு பைப்பை மாற்ற வேண்டியிருக்கும். 2009இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 60க்கு 40 சைட்டும் அதற்கு மேலும் உள்ள பழைய வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதற்குப் பிறகு கட்டியது என்றால் 30க்கு 40 சைட்டுக்கே கட்டாயம். உங்கள் பகுதியில் எத்தனை வீட்டில் அது உண்மையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. மழை இல்லாத நாளில் ஒரு முறை, மழை பெய்து அரை மணி நேரத்துக்குள் ஒரு முறை, கடைசி கிராஸ் மேன்ஹோலை ஜலமண்டலி ஊழியரை வைத்துத் திறக்கச் சொல்லி நீர்மட்டத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மழைநீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். மழை இல்லாத நாளிலேயே நிரம்பி நின்றால் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது. இரண்டு முறையும் மேன்ஹோலில் ஒன்றும் தெரியாமல் தெருவில் மட்டும் தண்ணீர் என்றால் பக்கவாட்டுக் கால்வாய்தான் குற்றவாளி. மேலே நின்று டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். எவ்வளவு அவசரமானாலும் ஒரு மனிதரையும் உள்ளே இறக்க விடாதீர்கள். 2013 சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். உள்ளே இறங்கியவர் மேலே வராத இரண்டு இடங்களுக்கு நான் போயிருக்கிறேன்.

மக்களிடம் போவதற்கு முன்பு இன்னொரு வேலை உண்டு. இந்தப் பணம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழிவுநீர்க் குழாய் என்றால் ஜலமண்டலி, மின்கம்பி என்றால் பெஸ்காம் (மின்சார நிறுவனம்), சாலையும் பக்கவாட்டுக் கால்வாயும் தெருவிளக்கும் பூங்காவும் மாநகராட்சி. தொகுதி நிதிக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. எம்பி நிதி என்றால் 2011-12 முதல் ஒரு தொகுதிக்கு வருடத்துக்கு 5 கோடி. அதை வழிபாட்டுத் தலத்துக்குள் செலவழிக்க முடியாது, கட்டியதற்கு ஆள் பெயர் வைக்கவும் முடியாது, பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிகளுக்கு 15 சதவீதமாவது போக வேண்டும். உங்களுக்கு வரப்போவது எந்த நிதி, அதன் விதி என்ன என்று கேளுங்கள். செய்ய முடியாததைக் கேட்டு வாங்கி வந்து பிறகு முடியாது என்று சொன்னால், அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார்கள். கூடவே இன்னொன்றும் பாருங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து வார்டு எல்லைகளும் மாறியிருக்கின்றன. உங்கள் பன்னிரண்டு தெருவும் ஒரே வார்டில்தான் இருக்கிறதா?

இப்போது கேட்பது.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வேறு இடத்தில் பார்த்ததைச் சொல்வார்கள். வளைவு, நீரூற்று, ஓபன் ஜிம், கேமரா. அவர்கள் மேல் தவறில்லை, கேள்வி அப்படி. "வீட்டை விட்டு இறங்கினால் தினமும் உங்களுக்குத் தொந்தரவு தருவது எது? எந்த இடம்? எந்த நேரம்?" என்று கேளுங்கள். தீர்வைப் பிறகு பொறியாளரோடு உட்கார்ந்து யோசிக்கலாம். தொந்தரவை அவர்கள்தான் சொல்ல முடியும்.

எங்கே, எப்போது கேட்கிறோம் என்பதில்தான் நான் தவறு செய்திருக்கிறேன். ஒரு வார்டில் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தேன். நாற்பது பேர் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் இன்றைய என்னைப் போல ஓய்வுபெற்ற ஆண்கள். பூங்காவைச் சுற்றி நடைப்பாதை வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். மக்களைக் கேட்டுவிட்டேன் என்ற நிறைவோடு எஸ்டிமேட் போட்டேன். வேலை முடிகிற சமயத்தில் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிக்குப் போகிற ஒரு பெண் என்னை வழிமறித்தார். "சார், பஸ் ஸ்டாப்ல இருந்து எங்க வீடு வரைக்கும் ஒரு லைட் இல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கு இறங்கி நாங்க பத்துப் பொண்ணுங்க கையக் கோத்துக்கிட்டு நடக்குறோம். நீங்க கூட்டம் போட்டது எங்களுக்குத் தெரியவே தெரியாது." மூன்று கம்பமும் மூன்று விளக்கும் போதும் அதற்கு. நடைப்பாதைக்கு ஆன பணத்தில் அது ஒரு மூலைக்கு வராது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

அதனால் கூட்டத்துக்கு ஆளைக் கூப்பிடாதீர்கள். ஆள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். காவிரித் தண்ணீர் விடுகிற நேரத்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் இருக்கும். ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி வாசல், அரசுப் பள்ளி விடுகிற நேரம், ஆட்டோ ஸ்டாண்டு, ஞாயிறு பூசை முடிந்த சர்ச் வாசல், வெள்ளி தொழுகை முடிந்த பள்ளிவாசல் தெரு. இந்த இடங்களில் பத்து நிமிடம் நின்றாலே கூடத்தில் இரண்டு மணி நேரம் பேசியதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் வழியை வரையச் சொல்லி, பயமாக இருக்கிற இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். திறந்து கிடக்கும் கால்வாய், நாய் கூட்டம், லாரி திரும்பும் முனை எல்லாம் அந்தத் தாள்களில் வந்துவிடும்.

குடித்தனக்காரர்களை விட்டுவிடாதீர்கள். சங்கத்தில் உறுப்பினர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர் மட்டும்தான் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் வேறு ஏரியாவில் இருப்பார். பள்ளத்தில் காலை வைப்பவர், பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து அங்கே குடியிருப்பவர். இது பொதுப் பணம், சந்தாப் பணம் அல்ல. சந்தா கட்டாதவருக்கும் இதில் முழு உரிமை உண்டு. கடைசி கிராஸுக்கும் அதே கணக்குதான்.

நோட்டீஸைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் போடுங்கள். கன்னடம் மேலே இருக்கட்டும். அலுவலகத்துக்குப் போகிற பட்டியலும் மனுவும் கன்னடத்தில்தான் இருக்க வேண்டும். தமிழர்கள் நடத்துகிற சங்கம் தமிழர் தெருவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டது என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். நம் ஊரில் அந்தப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் எங்கே போய் நிற்கும் என்று காவிரிப் பிரச்சினையில் தமிழர்கள் மேல் நடந்த 1991 கலவரத்தைப் பார்த்த என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கேட்கப் போகிற ஒவ்வொரு குழுவிலும் கன்னடம் பேசுகிற ஒருவரும் உருது பேசுகிற ஒருவரும் இருக்கட்டும்.

இப்படிச் சேர்ந்த தொந்தரவுகளை எடுத்துக்கொண்டு வார்டு உதவிப் பொறியாளரோடு பன்னிரண்டு தெருவையும் நடந்து பாருங்கள். அவருக்கு வேலை அதிகம் இருக்கும். ஒரு காலை நேரம் மட்டும் கேளுங்கள், முகம் சுளிக்க மாட்டார். நடந்து முடித்தால் எட்டோ பத்தோ உருப்படியான வேலைகள் தேறும். ஒவ்வொன்றுக்கும் தோராயமான எஸ்டிமேட்டை அவரிடமே வாங்குங்கள். விலை தெரியாமல் ஓட்டுப் போடச் சொல்வது, சீட்டு ஒட்டாத புடவைக் கடையில் தேர்ந்தெடுக்கச் சொல்வது போல. இதே வேலைக்கு வருடா வருடம் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கேமரா வைப்பது ஒரு நாள் செலவு. அதற்குக் கரண்டும் பழுதுபார்ப்பும் தினசரி. இந்த ஒரு வரியைப் பார்த்தாலே பலர் மனசு மாறும்.

ஓட்டை வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்றும் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஒவ்வொருவரும் தன் தெருவுக்குப் போட்டுவிட்டுப் போவார், வீடு அதிகம் உள்ள தெரு ஜெயிக்கும். நான் புளியங்கொட்டை வைத்துச் செய்கிறேன். பெரியவர் ஒவ்வொருவருக்கும் பத்துக் கொட்டை. வேலைக்கு ஒரு டப்பா, மேலே படமும் விலையும் ஒட்டியிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். ஒரு டப்பாவில் நாலுக்கு மேல் போடக் கூடாது. அப்போது தன் தெருவுக்கு நாலு போட்ட பிறகு கையில் ஆறு மிஞ்சும். அந்த ஆறை எங்கே போடுவது என்று டப்பா டப்பாவாகப் பார்த்து யோசிப்பார்கள். வேறு தெருவின் கஷ்டத்தைப் படிப்பதே அந்த நேரத்தில்தான். ஒரு பாட்டி என்னிடம், "அந்த அங்கன்வாடிக்குச் சுவர் இல்லையாமே, நெசமா?" என்று கேட்டுவிட்டு மூன்று கொட்டை போட்டார். அவர் வீட்டில் குழந்தையே இல்லை.

எண்ணி முடித்ததும் முடிவைச் சுவரில் ஒட்டுங்கள். ஜெயித்த வேலைகளோடு நிறுத்தாதீர்கள். கேட்டு வந்த எல்லாத் தொந்தரவையும், எது இந்தப் பட்டியலில் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து ஒட்டுங்கள். "இது ஜலமண்டலி வேலை, மனு கொடுத்திருக்கிறோம், தேதி இது." "இதற்கு 22 லட்சம் ஆகும், அடுத்த வருடப் பட்டியலில் முதலில் வைத்திருக்கிறோம்." இப்படி ஒரு வரி போதும். 1,100 வருடம் முன்பு, பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டிய விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது குடும்புகளிலிருந்து (இன்றைய வார்டு போல) குடவோலையில் வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடவோலையைச் சொல்லிக் கொடுக்கிறோம், இந்தப் பகுதியைச் சொல்லித் தருவது குறைவு.

பட்டியலை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பணம் ஒதுக்கியதும் வேலை உத்தரவின் நகலைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடலாம். காகிதம் மட்டுமல்ல, நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பு, சகோதரி, ஒரு மாலை நீங்களும் தலைவரும் மட்டும் கடைசி கிராஸுக்குப் போங்கள். கையில் நோட்டீஸ், படிவம் எதுவும் வேண்டாம். போன முறை உங்களைக் கேட்காமல் செய்தோம், தப்புதான் என்று சொல்லுங்கள். கோபப்படுவார்கள், பழைய கதை எல்லாம் வரும், கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் காட்டச் சொல்லுங்கள். கறை இருக்கும். தரையிலிருந்து எத்தனை அங்குலம், எந்த மாதம், எத்தனை மணி நேரம் நின்றது என்று வீட்டுக்கு வீடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு, மேன்ஹோலில் பார்த்த இரண்டு நீர்மட்டத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். மேல் தெரு வீட்டுக்காரர்களிடம் பைப் விஷயத்தை எப்படிப் பேசுவது என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.